சித்தரான் கல்லறையைக் காட்டி என்னிடம் பறித்த நான்கு மாதங்கள்

போன சனிக்கிழமை சந்தையில் ஒரு பெண் என் கடைக்கு வந்தாள். புதுச்சேரியிலிருந்து இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகாதவள். வடைப் பொட்டலத்தைக் கையில் வாங்கிக்கொண்டு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டாள்: "அக்கா, சித்தரான் கல்லறைக்கு எந்த நேரத்தில் போக வேண்டும்? ஒருவர் போகச் சொல்லியிருக்கிறார்." எனக்குக் கை நடுங்கிவிட்டது. பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள், எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. "யாருக்கும் பணம் கொடுத்துவிடாதே, கடை முடிந்ததும் என்னிடம் வா" என்று மட்டும் சொன்னேன். அவள் வரவில்லை. அவளுக்கும், அவளைப் போல இந்த ரீயூனியன் தீவில் தனியாக இருக்கும் நம் பெண்களுக்கும் சொல்ல வேண்டியதை இங்கே எழுதுகிறேன். எனக்கு யாராவது இதை முன்பே சொல்லியிருந்தால் மூவாயிரத்து ஐம்பது யூரோவும் நான்கு மாதமும் மிஞ்சியிருக்கும். என் கணவரின் தலைத்திவசமும் தவறியிருக்காது.

நான் காரைக்கால்காரி. கணவருக்கு பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால், இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியனுக்கு வந்து, தெற்கே சேன் பியேர் ஊரில் குடியேறினோம். கடற்கரைச் சாலையில் கூடும் சனிக்கிழமைச் சந்தையில் கடை போடுகிறேன். இங்கே உள்ளவர்கள் 'பொன்பொன் பிமான்' என்று சொல்லி விரும்பிச் சாப்பிடுவது நம் பருப்பு வடையின் வம்சம்தான். அவர்கள் காப் பயறு அரைத்துச் செய்வார்கள், நான் கடலைப் பருப்பில் செய்வேன். கணவர் மாவரைப்பார், நான் பொரிப்பேன். முந்தின வருடம் அக்டோபரில் ஒரு விடியற்காலையில் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சேன் பியேர் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்தோம். மகள் பிரான்சில் படிக்கிறாள். வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு விழித்தால் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். வியாபாரமும் பாதியாகக் குறைந்தது.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கடைப்பெட்டியைத் திறக்கப் போனபோது, அதன் மேல் ஒரு சிவப்புத் துணி முடிச்சு இருந்தது. உள்ளே நான்காக அறுத்த எலுமிச்சம்பழமும், பாதி புகைத்த சிகரெட் ஒன்றும். காய்கறி விற்கும் பக்கத்துக் கடைப் பெண் அதைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் நகர்ந்து, "சித்தரான்" என்றாள்.

சேன் பியேரில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டாம். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில், வெள்ளைக் கல்லறைகளுக்கு நடுவே சிவப்பும் கறுப்புமாக ஒரு கல்லறை இருக்கிறது. அதன் மேல் எப்போது பார்த்தாலும் ரம் பாட்டில், உருகி வழிந்த மெழுகுவர்த்தி, பற்றவைத்து வைத்த சிகரெட், எலுமிச்சம்பழம், சில்லறைக் காசு. என் கடைக்கு வருகிறவர்கள் அதைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். திருடப் போகிறவன் முதலில் இங்கே வந்து ஒரு மடக்கு ரம் ஊற்றிவிட்டுத்தான் போவான் என்பார்கள். பகைவனின் பெயரை எழுதிக் கல்லடியில் செருகினால் அவன் குடும்பம் விளங்காது என்பார்கள். அங்கிருந்து ஒரு காசை எடுத்தவனின் கை அழுகிப்போனது என்பார்கள். இன்னொரு பக்கம், பரீட்சை எழுதும் பிள்ளைக்காக அங்கே மெழுகுவர்த்தி ஏற்றிய தாயையும் எனக்குத் தெரியும். இந்தத் தீவில் சிவப்புக்கு அப்படி ஒரு மதிப்பு. சாலையோரம் எங்கும் சேன் எக்ஸ்பெதி புனிதருக்குச் சிவப்புக் கூண்டு வைத்திருப்பார்கள். வேண்டுதல் பலிக்காவிட்டால் சிலையின் தலையை உடைத்துவிடுகிறவர்களும் உண்டு. நம் காளிக்கும் சிவப்புதான். கத்தோலிக்கர், மல்பார் என்று இங்கே அழைக்கப்படும் நம் தமிழ் வம்சாவளியினர், மடகாஸ்கர் மூதாதையரை வணங்குகிறவர்கள் என்று எல்லோருடைய பயமும் பக்தியும் நூறு வருடத்துக்கு மேலாக இங்கே ஒன்றாகக் கலந்து ஊறியிருக்கின்றன. இந்த நம்பிக்கைகளை நான் பழிக்கவில்லை. அவற்றைக் காட்டிக் காசு பறிக்கிறவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

அந்த முடிச்சு எனக்காகத்தான் வைக்கப்பட்டதா என்று அன்று நான் யோசிக்கவே இல்லை. முந்தின இரவு அந்தச் சாலையில் எத்தனையோ பேர் உட்கார்ந்து எழுந்திருப்பார்கள். யாராவது தமக்காகக் கழித்துப் போட்டதாகவும் இருந்திருக்கலாம். இப்போது அப்படி எதையாவது கண்டால் கையுறை போட்டு எடுத்துப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறேன். பயம் வந்தால் அன்றைக்கே, அந்த மணிக்கே, ஒருவரிடமாவது சொல்லிவிடுங்கள். நான் மகளிடம்கூடச் சொல்லவில்லை. நான் செய்த முதல் தவறு அதுதான்.

இரண்டு நாள் கழித்து, தெரிந்தவர் ஒருவர் மூலமாக ஒரு 'தெவினேர்' என்னைத் தேடி வந்தார். குறி சொல்கிறவர், கட்டு அவிழ்க்கிறவர் எல்லோருக்கும் இங்கே அதுதான் பெயர். இவர் தமிழ் பேசினார். நம் ஊர்ப் பக்கத்துத் தமிழ். எட்டு மாதமாக யாரும் என்னிடம் "சாப்பிட்டீர்களா அம்மா?" என்று கேட்டதில்லை. அவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். பெயர் எழுதிச் சங்கல்பம் செய்ய வேண்டும் என்று சொல்லி என் அடையாள அட்டையைக் கேட்டார். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். எண்பது யூரோ வாங்கினார். பிறகு சொன்னார்: "உங்கள் பெயரைச் சித்தரான் காலடியில் யாரோ வைத்திருக்கிறார்கள் அம்மா. அவர் யார் தெரியுமா? பெயரிலேயே இருக்கிறதே, சித்தர்! நம் நாட்டிலிருந்து கப்பலில் வந்த மலையாள மாந்திரீகர். நம் ஆள் போட்ட கட்டை நம் ஆள்தான் அவிழ்க்க முடியும்."

நான் நம்பினேன். சித்தர் என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவள் எப்படி நம்பாமல் இருப்பாள்? வேறு யாருடைய கல்லறையோ என்று நினைத்திருந்தால் பயம் அந்த அளவோடு நின்றிருக்கும். நம் சித்தர் என்றதும் அது என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

உண்மையில் அந்த மனிதர் யார் என்பதை அன்றே தேடிப் பார்த்திருந்தால் போதும். அவருடைய சொந்தப் பெயர் சிமிகூன்சா சிமிகூர்பா. மொசாம்பிக்கில் பிறந்தவர். இந்தியாவிலிருந்து ரீயூனியனுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்புவது 1882இல் நின்றுபோனது. அதற்குப் பிறகு 1889இல், நம் முன்னோர் வந்த அதே ஒப்பந்த முறையில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கூலித் தொழிலாளி அவர். 1909இல் தாம்போன் என்ற ஊர்ப்பக்கத்து வீடுகளில் நடந்த கொள்ளையும் கொலையும் அவர் இருந்த கும்பலின் வேலை. கதவில் கைத்துளைப்பானால் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஊமத்தை கலந்த பொடியை ஊதி, வீட்டில் இருப்பவர்களை மயக்குவார்கள் என்று சொல்வார்கள். அந்தக் கும்பலில் வைத்தியமும் மந்திரமும் செய்தவர் சேன் ஆன்ழ் என்று அழைக்கப்பட்ட காலாந்திரேன். அவருக்கு மரண தண்டனை குறைக்கப்பட்டு, கடுங்காவலுக்குத் தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சுக் கயானாவுக்கு அனுப்பப்பட்டார். சித்தரானும் ஃபோந்தேன் என்ற கூட்டாளியும் 1911ஆம் ஆண்டு ஜூன் 20ஆம் தேதி சேன் பியேரில் கில்லட்டினில் தலை வெட்டப்பட்டார்கள். மந்திரக்காரர் கடல் கடந்து போய்விட்டார், அவருடைய மந்திரப் புகழெல்லாம் இங்கே வெட்டுப்பட்டவர் மேல் ஏறிவிட்டது. சித்தருக்கும் இவருக்கும் எழுத்து ஒற்றுமையைத் தவிர ஒரு தொடர்பும் இல்லை.

யாராவது ஒரு கல்லறையைக் காட்டிக் கதை சொன்னால் முதலில் தேதியைக் கேளுங்கள். இதே தீவில் சேன் போல் ஊரின் கடற்கரைக் கல்லறைத் தோட்டத்தில் 'லா புயூஸ்' என்ற கடற்கொள்ளைக்காரனின் கல்லறை என்று மண்டையோடு செதுக்கிய சிலுவை ஒன்றைக் காட்டுவார்கள். அங்கேயும் ரம் பாட்டில் உண்டு. அவன் தூக்கிலிடப்பட்டது 1730ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் தேதி. அந்தத் தோட்டம் திறக்கப்பட்டதோ 1788இல். அவனை ஐம்பத்தெட்டு வருடம் எங்கே வைத்திருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அங்கே போகக் கூடாது என்று சொல்லவில்லை, கதை கேட்பதில் சுகம் இருக்கிறது. ஆனால் கதைக்குப் பின்னால் விலை சொன்னால், இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஆகஸ்டில் அறுநூற்று இருபது யூரோ வாங்கினார். எல்லாம் ரொக்கம். காசோலை கொடுக்கிறேன் என்றபோது, "மை பட்டால் பலிக்காது" என்றார். யாரிடமும் சொல்லக் கூடாது, சொன்னால் மகளுக்குத் திரும்பிவிடும் என்றார். அமாவாசை, வெள்ளி, சனி என்று நாள் பார்த்து எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது என்றார். அப்படியே ஒன்பது சனிக்கிழமை கடை போடவில்லை. வாடிக்கையாளர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். ரொக்கமாகக் கேட்பதும், ரகசியம் காக்கச் சொல்வதும், பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பயமுறுத்துவதும் ஒரே வாயிலிருந்து வந்தால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

செப்டம்பரில் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். கல்லறையின் அடியிலிருந்து இரவில் எடுத்ததாகச் சொன்னார். மண் ஒட்டி, மெழுகு சொட்டி, எட்டாக மடித்திருந்தது. பிரித்தால் சிவப்பு மையில் என் பெயரும் பிறந்த தேதியும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆயிரத்து நானூறு யூரோவை வங்கியிலிருந்து இரண்டு தடவையாக எடுத்துக் கொடுத்தேன். அது போதாமல், அம்மா போட்ட இரண்டு வளையலையும் தொள்ளாயிரத்து ஐம்பது யூரோவுக்கு விற்றுக் கொடுத்தேன். இதற்கு நடுவில் அக்டோபர் வந்தது. தலைத்திவசம் செய்ய வேண்டும் என்றேன். "கட்டு அவிழாமல் செய்தால் அவர் ஆவி அங்கேயே மாட்டிக்கொள்ளும். அவர் கல்லறைக்கும் போகாதீர்கள்" என்று தடுத்தார். நான் அடங்கிப் போனேன். பணத்தை எப்படியாவது சம்பாதித்துவிடலாம். இதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

கடைசி வேலையை நானே தனியாகச் செய்ய வேண்டும் என்றார். நவம்பர் முதல் தேதி, சகல புனிதர் திருநாள். அன்று மாலை அந்தக் காகிதத்தையும் ஒரு ரம் பாட்டிலையும் கல்லறையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வர வேண்டும். போனேன். தோட்டம் முழுக்கப் பூ. குடும்பம் குடும்பமாகக் கல்லறைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் வாளியில் தண்ணீர் சுமந்தார்கள். என் கணவரின் கல்லறைப் பக்கம் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொண்டே நடந்தேன். சிவப்புக் கல்லறை முன்னால் நின்றதும் கால் நகரவில்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போது ஒரு பாட்டி வந்தார். மல்பார் குடும்பத்துப் பெண். அவருடைய வீட்டார் கல்லறையும் என் கணவரின் கல்லறையும் அடுத்தடுத்து இருக்கின்றன. தமிழ் பேசத் தெரியாது, இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரேயோலில்தான் பேசினார். "உன் வீட்டுக்காரர் அங்கே இருக்கிறார். நீ ஏன் இங்கே நின்று அழுகிறாய்? அவருக்கும் பூ வைத்திருக்கிறேன், நீ வராததால்" என்றார். பிறகு என் கையைப் பார்த்து, "அது என்ன காகிதம்?" என்று கேட்டார். அவருக்குப் படிக்கத் தெரியாது. வாசிக்கச் சொன்னார். பெயரை வாசித்தேன். "ஜூன் 1" என்று தேதியை வாசித்தேன். "அது உன் பிறந்த நாளா?" என்றார். "இல்லை" என்று வாயிலிருந்து வந்துவிட்டது.

நான் பிறந்தது தை மாதத்தில். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் எழுதிய தேதிதான் ஜூன் 1. நம் பக்கத்தில் எத்தனையோ பேருக்கு அப்படித்தான். அந்தத் தேதி என் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது. சந்தையில் இருப்பவர்களுக்கு என் வீட்டுப் பெயர் மட்டும்தான் தெரியும். அட்டையில் இருக்கும் பெயரோ என் பெயரோடு அப்பாவின் பெயரும் ஒட்டியது. இந்தக் காகிதத்தில் இருந்தது அட்டைப் பெயர், எழுத்துப் பிழைகூட மாறாமல். அந்த அட்டையைப் படம் எடுத்தவர் ஒருவர்தான். கல்லறை அடியில் யாரும் என் பெயரை வைக்கவில்லை. நான்கு மாதமாக என் மேல் உட்கார்ந்திருந்தது, அங்கே நிற்கும்போதே இறங்கிவிட்டது. அவமானம் மட்டும் இருந்தது. பாட்டி என்னை எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், என் கணவரின் கல்லறையைக் கழுவ ஒரு வாளியைக் கொடுத்தார்.

அடையாள அட்டை, குடும்பப் புத்தகம், வங்கி அட்டை எதையும் யாரிடமும் படம் எடுக்கக் கொடுக்காதீர்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். நான் அடுத்த வாரமே காவல் நிலையத்துக்குப் போனேன். பிரெஞ்சு சரளமாக வராது என்று தயங்கினேன். மொழிபெயர்ப்பாளரைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது, அதற்குக் காசு கிடையாது. புகாரைப் பதிய மாட்டோம் என்று அவர்கள் சொல்ல முடியாது. மோசடிக்குச் சட்டத்தில் ஐந்து வருடச் சிறையும் 3,75,000 யூரோ அபராதமும்வரை தண்டனை உண்டு. நடந்து ஆறு வருடம்வரை புகார் கொடுக்கலாம் என்பதால், போன வருடம் ஏமாந்தவர்களும் இன்று போகலாம். வங்கியில் பணம் எடுத்த தேதிகள், அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள், அந்தக் காகிதம், வளையல் விற்ற ரசீது எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுபோனேன். நல்லவேளை, கோபத்தில் எதையும் அழிக்கவில்லை. புகாரின் நகலைக் கேட்டு வாங்கி வந்தேன். விசாரணை நடக்கிறது, பணம் இன்னும் வரவில்லை.

கோபத்தில் அந்தக் கல்லறைப் பக்கம் போய் எதையும் தள்ளிவிடவோ உடைக்கவோ வேண்டாம். கல்லறையைச் சேதப்படுத்துவதும் அவமதிப்பதும் ஒரு வருடச் சிறைக்கும் 15,000 யூரோ அபராதத்துக்கும் உரிய குற்றம். மெழுகுவர்த்தி வைத்தவர்களில் என்னைப் போல அழுதுகொண்டு வந்தவர்களும் இருப்பார்கள். தூக்கம் வராததை மருத்துவரிடம் சொன்னேன். அதைத் துக்கம் என்றார். மாதம் இரண்டு தடவை பேச ஒரு ஆளிடம் அனுப்பினார். கணவர் போன முதல் மாதமே அங்கே போயிருக்க வேண்டும். மகளிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். தொலைபேசியில் இரண்டு பேரும் வெகுநேரம் அழுதோம்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாட்டி தம் வீட்டுச் சம்பளானிக்குக் கூப்பிட்டார். இறந்தவர்களுக்குப் படையல் போடுவதற்கு மல்பார் குடும்பங்களில் அதுதான் பெயர். தமிழ் மறந்துபோன வீடுகளிலும் வாழை இலையும் படையலும் மறக்கவில்லை. "உன் வீட்டுக்காரருக்கும் ஒரு இலை போடுகிறேன், அவருக்குப் பிடித்ததைச் செய்துகொண்டு வா" என்றார். கடலைப் பருப்பு ஊறவைத்து, என் வீட்டுக்காரர் சொல்வதுபோல ஒன்றிரண்டாக அரைத்து, சோம்பு போட்டு வடை சுட்டுக்கொண்டு போனேன். இலையில் சோறும் கறியும் வைத்து, அவர் குடிக்கும் காப்பியையும் வைத்தோம். அவர் புகைப்பாரா என்று பாட்டி கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு சிகரெட்டை நீட்டி, பற்றவைத்து இலை ஓரத்தில் வை என்றார். சிவப்புத் துணிக்குள் கிடந்த அந்தப் பாதிச் சிகரெட் கண் முன்னால் வந்தது. தீக்குச்சியைப் பிடித்திருந்த கை நின்றுவிட்டது. பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், பற்றவைத்தேன். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். உள்ளே அது எரிந்து முடியும்வரை அவர் என் கையை விடவில்லை.